மாடத்தில் கிடந்த சீட்டு

அக்கா, தங்கச்சிகளே! கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று சொன்னதுமே பின்வரிசையில் இரண்டு பேர் முந்தானையால் வாயைப் பொத்தினீர்கள். தருமபுரி மாவட்டத்தில் 28 வருடம் கிராம சுகாதார செவிலியராக நடந்தவள் நான், சிரியுங்கள், பரவாயில்லை.

30 முதல் 65 வயதுப் பெண்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சோதனை என்று மத்திய அரசு 2016-இல் வழிமுறை வகுத்தது. ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினிகரில் இருக்கும் அதே அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், நோய்க்கு முந்தைய மாற்றம் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். இளக்காரமாக நினைக்காதீர்கள். நம் திண்டுக்கல் மாவட்டத்து ஆய்வு 2007-இல் வெளிவந்தது. இப்படிச் சோதித்த ஊர்களில் இந்த நோய்ச் சாவு 35 சதவீதம் குறைவு.

அப்புறம் ஏன் இந்த வினிகர் சோதனையை மாற்ற வேண்டும் என்று கேட்பீர்கள். வெள்ளையா இல்லையா என்பது பார்க்கிறவர் கண்ணைப் பொறுத்தது. மாதவிடாய் நின்றவர்களுக்கு அந்த இடம் உள்ளே ஏறிவிடும், கண்ணுக்கே சரியாகப் படாது. இந்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் ஹெச்.பி.வி. வைரஸைத் தேடும் மரபணுச் சோதனையில் அந்தச் சிக்கல் இல்லை. மாதிரியை நாமே மறைவாக எடுத்துக் கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021 முதல் இதைத்தான் முதலில் செய்யச் சொல்கிறது. ஆஸ்திரேலியா 2017 டிசம்பரிலேயே மாறிவிட்டது. வைரஸ் இருந்தாலே புற்றுநோய் என்று பதற வேண்டாம். பெரும்பாலோருக்கு இரண்டு வருடத்துக்குள் தானாகவே போய்விடும்.

சரி, என் சண்டை சோதனையோடு இல்லை. அரூர் பக்கம் ஒரு அக்காவுக்கு வெள்ளைத் திட்டு தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினேன். மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் அவர் பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போய்விட்டார். என் பதிவேட்டில் 'சோதித்தவர்கள்' கணக்கில் ஒன்று கூடியது. பொங்கலுக்குப் பார்த்தால் சீட்டு மாடத்தில் அப்படியே கிடக்கிறது! அது என் தவறும்தான். கையோடு கூட்டிப் போனேன். அந்தத் திட்டை உறைய வைக்கும் சிகிச்சை, அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

இந்தச் சோதனைத் திட்டத்தைத் திருத்துகிறவர்கள் எத்தனை பேரைச் சோதித்தோம் என்று எண்ணுவதோடு நிறுத்தக்கூடாது. சிகிச்சை முடிந்த தேதிக்கு ஒரு கட்டம் போடட்டும். அது காலியாக இருந்தால் அந்தப் பெண்ணைத் தேடிப் போகட்டும். பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருகிறதே! மாதிரி எடுக்கும் குச்சியையும் அந்தத் திட்ட ஊழியர்களிடம் கொடுத்தனுப்பினால் என்ன?

வீட்டில் இப்படிச் சீட்டு வைத்திருப்பவர்கள் இங்கே கையைத் தூக்க வேண்டாம். கூட்டம் முடிந்ததும் தண்ணீர்க் குடத்துப் பக்கம் நிற்பேன், வாருங்கள்.