சாப்பாட்டுக்குப் பத்து நிமிஷம்

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் பட்டாளம், ஓட்டேரி, புளியந்தோப்புப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு, வேலை நேரத்துக்கு ஊதுகிற மில் சங்கு என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் தாத்தா மில் தொழிலாளி. வேலையை விட்டு நின்ற பிறகும் தட்டில் சோறு விழுந்தால் அள்ளி அள்ளி விழுங்குவார். "சங்கு ஒண்ணும் ஊதலைய்யா, மெதுவா துன்னு" என்று ஆயா அதட்டும். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்ததால்தான் செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு என்ற இரண்டு பேரைப் பற்றி எங்கே கூப்பிட்டாலும் போய்ப் பேசுகிறேன்.

இரண்டு பேரும் மில்லில் வேலை பார்த்தவர்கள் இல்லை, சின்ன வியாபாரிகள். கடைக்கு வருகிறவன் மில் தொழிலாளி. கடன் சொல்கிறவனும் அவன்தான், கஷ்டத்தைச் சொல்கிறவனும் அவன்தான். பின்னி மில்லில் அப்போது மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். கை கழுவ வேண்டும், கூட்டத்தில் இடம் பிடிக்க வேண்டும், திரும்ப ஓட வேண்டும், அதற்கு நடுவில் சாப்பிடவும் வேண்டும். இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் அன்னி பெசன்ட்டின் 'நியூ இந்தியா' பத்திரிகை அலுவலகத்துக்கே போனார்கள். அங்கே பெசன்ட்டோடு வேலை பார்த்த பி.பி. வாடியாவைப் பார்த்தார்கள். 1918 ஏப்ரல் 27, சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர், நம் வியாபாரிகள் இருவரும் செயலாளர்கள்.

சங்கம் முதலில் வாங்கிக் கொடுத்தது என்ன தெரியுமா? அரை மணி நாற்பது நிமிஷம் ஆனது. பத்து நிமிஷம்தானே என்று நினைக்காதீர்கள். ஒரு வாய் சோற்றை மென்று விழுங்க அந்தப் பத்து நிமிஷம் வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், பத்து நிமிஷம்!

சரி, சங்கத்துக்காரர்கள் அரசியலுக்கு ஏன் போனார்கள் என்றுதான் நிறையப் பேச நினைத்தேன், அதற்குள் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1920 இல் தகராறு முற்றியதும் நிர்வாகம் உயர்நீதிமன்றம் போய் வாடியா மேல் தடை வாங்கியது. சங்கம் நடத்துகிறவனுக்குச் சட்டத்தில் பாதுகாப்பே கிடையாது என்று அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. அடுத்த வருஷமே பம்பாய்த் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி, மத்திய சட்டசபையில் உறுப்பினராக இருந்ததால், அங்கே எழுந்து சங்கங்களுக்குச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1926 இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. தொழிலாளர் தலைவர் நம் சிங்காரவேலர் சென்னை மாநகராட்சிக்குள் போன கதை பாக்கி இருக்கிறது, அதை இன்னொரு நாள் சொல்கிறேன். வணக்கம்.