ராஜாவும் பதிலுக்கு வாக்குக் கொடுக்க வேண்டும்

வணக்கம் மக்களே. போன வீடியோவில், பழங்கால ஐரோப்பிய வாழ்க்கையைச் செய்து பார்க்கும் எங்கள் எஸ்.சி.ஏ. சங்கத்தின் பெரிய முகாமான பென்சிக்கின் கூடாரங்களைச் சுற்றிக் காட்டும்போது நடுவில் ஒரு காட்சி வந்து போனது. ஒருவர் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் சேர்த்து, கிரீடம் வைத்த இன்னொருவரின் கைகளுக்குள் கொடுத்து ஏதோ சொல்கிறார், அவ்வளவுதான். சண்டையை விட்டுவிட்டு நிறையப் பேர் அதைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். நாடகமா, மதச் சடங்கா, அந்த ராஜா சொன்னால் நிஜமாகவே கேட்டாக வேண்டுமா என்று. பார்க்க அடிமைத்தனம் மாதிரி இருக்கிறதே என்றும் ஒருவர் எழுதியிருந்தார். இந்தச் சங்கத்தில் எனக்கு மிகவும் பிடித்ததே இந்தச் சத்தியங்கள்தான், அதனால் இன்றைக்கு முழுக்க இதைத்தான் பேசப் போகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரோனிசம், எஸ்.சி.ஏ., 1966 மே 1 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், எழுத்தாளர் டயானா பாக்சன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு விருந்தாகத் தொடங்கியது. 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய உலகத்தை, முக்கியமாக ஐரோப்பாவை, படிப்பது, தைப்பது, சமைப்பது, சண்டை போடுவது என்று செய்து பார்க்கிறவர்கள். இன்றைக்கு 20 ராஜ்யங்கள் இருக்கின்றன. ஐரோப்பாவில் டிராக்கன்வால்ட், ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து லோகாக், நான் இருக்கும் பிட்ஸ்பர்க் பக்கம் எதில்மார்க். ஒவ்வொன்றுக்கும் ராஜா, ராணி உண்டு. பரம்பரையும் கிடையாது, தேர்தலும் கிடையாது. கிரவுன் டோர்னமென்டில் கவசம் போட்டுக்கொண்டு பிரம்பு வாளால் சண்டையிட்டு ஜெயிப்பவரும், அவர் யாருக்காகச் சண்டையிட்டாரோ அவரும் அடுத்து முடிசூடுவார்கள். பெரும்பாலும் ஆறு மாத ஆட்சி, சில இடங்களில் அதைவிடக் குறைவு.

அந்தச் சண்டையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன், ஏனென்றால் சத்தியத்தைப் புரிந்துகொள்ள அது தேவை. அடி சரியாக விழுந்ததா என்று தீர்ப்புச் சொல்ல அங்கே நடுவர் கிடையாது. மார்ஷல்கள் நிற்பார்கள், யாருக்கும் காயம் படாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர்கள் வேலை. வாங்கிய அடி நிஜ வாளாக இருந்திருந்தால் நான் செத்திருப்பேனா என்று அடி வாங்கியவரே முடிவு செய்து, "குட்" என்று சொல்லிவிட்டுக் கீழே விழ வேண்டும். கிரீடம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் கடைசிச் சுற்றிலும் இதே விதிதான். ராஜா யார் என்பதையே தோற்றவருடைய வாய்ச்சொல்தான் தீர்மானிக்கிறது, அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் சத்தியம் செய்தால் அதற்கு என்ன கனம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இப்போது பட்டாபிஷேகத்துக்கு வருவோம். பழைய ராஜாவின் காலம் முடிந்து புதியவர் கிரீடம் சூடியதும் ஹெரால்ட், அதாவது சபை அறிவிப்பாளர், ஒவ்வொரு தரப்பாகக் கூப்பிடுவார். ராஜ்யத்தின் அதிகாரிகள் வருவார்கள், பகுதிகளைப் பார்த்துக்கொள்ளும் பாரன், பாரனஸ் பட்டம் பெற்றவர்கள் வருவார்கள், சண்டைத் திறமைக்காகப் பட்டம் பெற்ற நைட்டுகள் வருவார்கள். நைட்டுகள் வரும் நேரம்தான் எனக்கு மனசு நெகிழும். நிறையப் பேர் இருப்பார்கள், ராஜாவுக்கு இருப்பதோ இரண்டு கை. அதனால் முன்னால் மண்டியிட்டவர் தன் கைகளை ராஜாவின் கைகளுக்குள் கொடுப்பார், அவர் தோளில் பின்னால் இருப்பவர் கை வைப்பார், அவர் தோளில் அடுத்தவர், இப்படியே கடைசி ஆள்வரைக்கும் ஒரு சங்கிலி மாதிரி போகும். வெள்ளை பெல்ட், கழுத்தில் தங்க நிறச் சங்கிலி, காலில் ஸ்பர் என்கிற குதிமுள், வயதானவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக முழங்காலை மடக்குவார்கள். ஹெரால்ட் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல எல்லாரும் சேர்ந்து திரும்பச் சொல்வார்கள்.

வாசகம் ராஜ்யத்துக்கு ராஜ்யம் மாறும். சாரம் என்னவென்றால், இந்தக் கிரீடத்துக்கு உண்மையாக இருப்பேன், கூப்பிட்டால் வருவேன், நீங்கள் ஆளும் வரைக்கும் இந்த வாக்கு நிற்கும். இவ்வளவையும் கேட்டுவிட்டு எல்லாரும் கைதட்டக் காத்திருப்பார்கள். ஆனால் அத்தோடு சடங்கு முடியவில்லை. ராஜா இப்போது பதில் சொல்ல வேண்டும். உங்கள் வாக்கைக் கேட்டோம், நாங்கள் உங்களைக் காப்போம், நியாயமாக நடத்துவோம் என்று அவரும் வாக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பதில் இல்லாவிட்டால் நீங்கள் கேட்ட அடிமைத்தனக் கேள்வி ரொம்பச் சரியான கேள்வியாகியிருக்கும். பதில் இருப்பதால்தான் இது இரண்டு பக்க ஒப்பந்தம் ஆகிறது. வெயில், நேரமாகிறது என்று சில இடங்களில் ராஜாவின் பதிலை முணுமுணுத்து முடித்துவிடுகிறார்கள், எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. எதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்கக் கூடாது. கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டிய வரி அது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேனே, அதற்குக் காரணம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1020 வாக்கில் பிரான்ஸின் சார்த்ர் நகரத்து பிஷப் ஃபுல்பெர்ட் ஒரு கடிதம் எழுதினார். பிரபுவுக்கு உண்மையாக இருப்பேன் என்று ஒருவன் சத்தியம் செய்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அக்விட்டேன் பிரபு வில்லியம் கேட்டிருந்தார், அதற்கு எழுதிய பதில் அது. பிரபுவின் உடலுக்குத் தீங்கு செய்யக் கூடாது, அவருடைய ரகசியங்களையும் கோட்டைகளையும் காட்டிக்கொடுக்கக் கூடாது, அவருடைய மானத்தையும் சொத்தையும் கெடுக்கக் கூடாது, அவருக்குச் சுலபமாக இருப்பதைக் கஷ்டமாக்கக் கூடாது, முடிகிற காரியத்தை முடியாததாக்கக் கூடாது, கெடுதல் செய்யாமல் இருந்தால் மட்டும் போதாது, ஆலோசனையும் உதவியும் தர வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் இவை எல்லாவற்றிலும் பிரபுவும் தன் ஆளிடம் அப்படியே நடந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அவரும் நம்பிக்கைத் துரோகிதான் என்று முடிக்கிறார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு பிரபு கேட்ட கேள்விக்கு அந்தப் பிரபுவின் கடமையையும் சேர்த்து எழுதி அனுப்பிய அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அதே மாதிரி பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரத்தில் கால்பெர்ட் என்று ஒரு எழுத்தர் இருந்தார். 1127 மார்ச்சில் ஃபிளாண்டர்ஸ் பிரபு சார்லஸை தேவாலயத்திலேயே, அவர் ஜெபம் செய்துகொண்டிருந்தபோது கொன்றுவிட்டார்கள். ஊர் கொந்தளிப்பில் இருக்க, இவர் நடந்ததை எல்லாம் கிட்டத்தட்ட நாள்வாரியாக எழுதி வைத்தார். அடுத்த மாதம் புதிய பிரபுவாக வில்லியம் கிளிட்டோ வந்து சத்தியம் வாங்கியதை அவர் வர்ணிக்கிறார் பாருங்கள், இன்றைக்கும் எங்கள் சடங்குகளுக்கு அதுதான் அடிப்படை என்று சொல்லலாம். "என் ஆளாக இருக்கச் சம்மதமா?" என்று பிரபு கேட்பார், "சம்மதம்" என்று வந்தவர் சொல்வார், சேர்த்த கைகளைப் பிரபு தன் கைகளால் பொதிந்துகொள்வார், முத்தமிட்டுக்கொள்வார்கள். அப்புறம் வாயால் வாக்கு. அதற்கப்புறம் புனிதர்களின் எலும்பு முதலான திருப்பொருள்கள் மேல் சத்தியம். கடைசியில் பிரபு கையிலிருக்கும் கோலால் நிலத்தையும் உரிமையையும் வழங்குவார்.

கதை அங்கே முடியவில்லை. கொடுத்த உரிமைகளை வில்லியம் மீற ஆரம்பித்தார், ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 1128 பிப்ரவரியில் கெண்ட் நகரத்தார் சார்பில் ஐவன் என்ற பிரபு நேருக்கு நேராக நின்று, நீங்கள் உங்கள் சத்தியத்தை மீறிவிட்டீர்கள், எங்களுக்கும் உங்களுக்கும் நடுவில் நியாயம் விசாரிக்கப்படட்டும், தவறு உங்கள் மேல் என்றால் நாட்டை விட்டுப் போய்விடுங்கள் என்று சொன்னார். அந்தக் காலத்தில் உறவை முறிக்க ஒரு துரும்பைக் கையில் எடுத்து எறிவார்கள். வில்லியத்துக்கு அந்த இடத்திலேயே துரும்பை ஐவன் மேல் எறிந்துவிட வேண்டும் என்று கோபம், கூடியிருந்த மக்களைப் பார்த்து பயந்து நின்றுவிட்டார் என்று கால்பெர்ட் எழுதுகிறார். அதே வருஷம் ஜூலையில் ஒரு முற்றுகையில் காயம்பட்டு வில்லியம் இறந்தும் போனார்.

இந்த இடத்தில் நம் பக்கத்து நினைவு ஒன்றும் வருகிறது. மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தபோது, ராஜா இறந்தால் அவருடைய மெய்க்காவலர்கள் அதே சிதையில் விழுந்து தாங்களும் உயிரை விடுவார்கள் என்று எழுதினார். அது உயிரோடு முடிகிற சத்தியம். எஸ்.சி.ஏ.வில் ஆறு மாதத்தில் ராஜா இறங்கியதும் வாக்கும் முடிந்துவிடும், அடுத்தவருக்கு மறுபடி புதிதாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மனதார யோசித்துக் கொடுக்க வேண்டியிருப்பதை நான் நல்லதாகத்தான் பார்க்கிறேன்.

எதன் மேல் சத்தியம் செய்வார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் திருப்பொருள் பேழைமேல் கை வைப்பார்கள். நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த கதையைச் சொல்லும் பாயோ திரைச்சீலையில் ஹரால்ட் (பட்டாபிஷேக ஹெரால்ட் இல்லை, பின்னால் இங்கிலாந்து ராஜாவான ஹரால்ட்) இரண்டு பக்கமும் இரண்டு பேழைகள் மேல் கை வைத்து நார்மண்டி பிரபு வில்லியத்துக்குச் சத்தியம் செய்வது போட்டிருக்கிறது, இதோ திரையில் தெரிகிறது. பொய்ச் சத்தியம் செய்தால் நரகம் என்று அவ்வளவு பயம். பிரான்ஸ் ராஜா இரண்டாம் ராபர்ட் என்ன செய்தார் தெரியுமா? தன்னிடம் வந்து சத்தியம் செய்துவிட்டு மீறுகிறவர்கள் நரகத்துக்குப் போய்விடக் கூடாதே என்று, பளிங்கில் தங்கம் இழைத்த ஒரு பேழையைக் காலியாகவே வைத்திருந்தாராம். எளிய மக்களுக்கு வெள்ளிப் பேழை, அதற்குள் ஒரு பறவை முட்டை. அவர் வரலாற்றை எழுதிய ஹெல்கோ என்ற துறவி இதை ராஜாவின் கருணை என்று புகழ்ந்து எழுதியிருக்கிறார்.

எங்கள் சங்கத்தில் பேழையும் கிடையாது, பைபிளும் கிடையாது. மதச் சடங்கைச் சங்கத்தின் பேரில் நடத்தி யாரையும் அதில் சேரக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று விதியே இருக்கிறது. சிலர் ராஜ்யத்தின் வாள்மேல் கை வைப்பார்கள், பலர் வெறும் கையோடுதான். யாருக்கும் சத்தியம் செய்ய மாட்டேன் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது, இதை அவசியம் சொல்ல வேண்டும். சண்டையில் உச்ச நிலையை அடைந்த ஒருவர் நைட் ஆக வேண்டுமென்றால் ராஜாவுக்குச் சத்தியம் செய்தே ஆக வேண்டும். தன் நம்பிக்கைக்கோ மனசாட்சிக்கோ அது ஒத்துவரவில்லை என்றால் மாஸ்டர் ஆஃப் ஆர்ம்ஸ் ஆகலாம். அதே தகுதி, அதே மரியாதை, வெள்ளை பெல்ட்டுக்குப் பதில் தோளிலிருந்து குறுக்காக ஒரு வெள்ளைப் பட்டை. கைவினைக்குக் கொடுக்கும் லாரல், சேவைக்குக் கொடுக்கும் பெலிக்கன், மெல்லிய வாள் சண்டைக்கு 2015இல் வந்த ஆர்டர் ஆஃப் டிஃபென்ஸ், இவர்களும் சத்தியம் செய்தே ஆக வேண்டும் என்று இல்லை. வேண்டாம் என்று சொல்ல இடம் இருப்பதால்தான் செய்கிறவர் வாக்குக்கு மதிப்பு வருகிறது என்பது என் கருத்து.

அப்புறம் விஜில். இந்த உச்ச நிலைக்கு ஒருவரை உயர்த்துவதற்கு முன்னால் அவரைத் தனியாக ஒரு கூடாரத்தில் உட்கார வைப்பார்கள். அந்தக் காலத்தில் நைட் ஆகப்போகிறவன் குளித்துவிட்டு இரவெல்லாம் தேவாலயத்தில் ஜெபம் செய்தான், இங்கே அதற்குப் பதிலாக நண்பர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பேசிவிட்டு வருவார்கள். பென்சிக்கில் ஒரு நண்பரின் விஜிலுக்குப் போயிருந்தேன். வெளியே ரொட்டி, சீஸ், பழம் வைத்து ஒரு மேசை, பக்கத்தில் வரிசை, பெயர் எழுத ஒரு கையால் தைத்த புத்தகம். உள்ளே ஒரு விளக்கும் இரண்டு ஸ்டூலும்தான். எனக்கு முன்னால் போனவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். நான் போனதும் "எதற்காவது பயமா?" என்று கேட்டேன், "இனிமேல் என் கோபத்தை எல்லாரும் கவனிப்பார்கள், அதுதான்" என்றார். என்ன பேசினோம் என்பது இதற்கு மேல் எங்களுக்குள்தான்.

மறுநாள் அவரை நைட் ஆக்கினார்கள். அவரை வளர்த்த நைட் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவருக்குப் போட்டார், இப்படிக் கை மாறி வருகிற சங்கிலிகளுக்கு ஒரு வம்ச வரலாறே இருக்கும். வாளால் தோளைத் தொட்ட பிறகு ராஜா ஒரு அடி கொடுப்பார். பதிலடி கொடுக்காமல் நீ வாங்கும் கடைசி அடி இதுவாக இருக்கட்டும் என்று சொல்லிக் கொடுப்பது வழக்கம். சில ராஜாக்கள் சும்மா தட்டுவார்கள், அன்றைக்குச் சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. அதற்கப்புறம் கூட்டம் முழுக்க "விவாட்!" (வாழ்க!) என்று மூன்று முறை கத்தியது.

ராஜாவுக்கும் நைட்டுக்கும் மட்டும்தான் சத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். நைட்டிடம் பழகும் ஸ்கொயருக்குச் சிவப்பு பெல்ட், லாரலிடம் படிக்கிறவருக்குப் பச்சை, பெலிக்கனிடம் இருப்பவருக்கு மஞ்சள், இது பெரும்பாலான இடங்களில் வழக்கம். இதோ என் பெல்ட், கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். அட்டை நெசவு. நான்கு மூலையிலும் ஓட்டை போட்ட சதுர அட்டைகள், ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு நூல், அட்டைகளைத் திருப்பத் திருப்ப நூல்கள் முறுக்கிக்கொண்டு இந்த மாதிரி பட்டையாக வரும். நார்வேயில் 834இல் புதைத்த ஓஸ்பெர்க் கப்பலில் இந்த அட்டைகள் நூலோடு அப்படியே கிடைத்தன. இதை என் ஆசிரியையே நெய்து கொடுத்தார். ஓரத்தில் பச்சை கொஞ்சம் வெளிறியிருக்கிறது பாருங்கள், அவர் வீட்டிலேயே சாயம் போட்ட நூல்.

இதைக் கட்டுவதற்கு முன்னால் நாங்கள் ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். என் பக்கம் தொடர்ந்து நெய்வேன், கற்றதை மறைக்காமல் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பேன், விலக நினைத்தால் நேரில் வந்து சொல்வேன். அவர் பக்கம் தன் தறியையும் புத்தகங்களையும் தருவேன், வேலை நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்றே சொல்வேன், பட்டம் கிடைக்கும் என்று ஆசை காட்ட மாட்டேன். அவருடைய பக்கம்தான் என்னுடையதைவிட நீளம். கோர்ட்டு (ராஜாவின் சபை), ஹெரால்ட் எதுவும் இல்லாமல், அவர் கூடாரத்து வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் உரக்கப் படித்தோம். சட்டத்தின் முன்னால் இந்தத் தாளுக்கு ஒரு மதிப்பும் இல்லை. ஆனால் அவர் போன் செய்தால் நான் எடுக்காமல் இருந்தது கிடையாது.

கோர்ட்டைப் பார்க்க வெளியாள் வரலாமா என்றால், தாராளமாக வரலாம். நிகழ்ச்சிக்குக் கட்டணம் இருக்கும், அப்புறம் 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய மாதிரி ஏதாவது உடை போட முயற்சியாவது செய்திருக்க வேண்டும். உடை இல்லாதவர்களுக்கு இரவல் கொடுக்கவே கோல்டு கீ என்று ஒரு ஏற்பாடு உண்டு, வாசலில் கேளுங்கள். பென்சிக் வர நினைப்பவர்கள் ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் திட்டமிடுங்கள், பிட்ஸ்பர்க்கிலிருந்து வடக்கே ஒரு மணி நேர டிரைவ், வெங்கடேஸ்வரா கோயிலுக்கு வருகிற குடும்பங்கள் அப்படியே ஒரு நாள் சேர்த்துக்கொள்ளலாம். குழந்தைகளோடு வந்தால் கோர்ட்டில் ஓரத்து இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள், நீளமாகப் போகும், நடுவில் எழுந்து வெளியே வர யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.