முறுக்குக்கு ஓலைப்பெட்டி சரிப்படாது

நேயர்களுக்கு வணக்கம். அடுக்களைக்கு ஏற்ற பனையோலைப் பெட்டிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். என் தோல்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. அந்தச் சமயம் ஒரு பலகாரக் கடைக்காரர் முறுக்குக்குப் பெட்டி கேட்டார். அழகாக முடைந்து கொடுத்தோம். அடுத்த ஐப்பசி மழையில், மூன்றே நாளில் முறுக்கு நமுத்துப் போனது. பின்னல் இடுக்கில் காற்று போய்வரும், கூடவே ஈரமும் உள்ளே போகும். உள்ளே பிளாஸ்டிக் தாள் ஒட்டிவிடுங்களேன் என்று ஒருவர் யோசனை சொன்னார். அப்புறம் ஓலை எதற்கு?

அன்றிலிருந்து பெட்டிக்குள் என்ன வைக்கப் போகிறார்கள் என்று கேட்காமல் அளவுகூட எடுப்பதில்லை. சின்ன வெங்காயம், பூண்டு என்றால் அடியை நெருக்கிப் பின்னாமல் கண்விட்டு முடைகிறோம். காற்றோட்டம் இல்லாவிட்டால் அவை அழுகும், முளைக்கும். வற்றலுக்கு நெருக்கமான பின்னல். உப்புக்கு ஜாடிதான், அதில் பேச்சே இல்லை. ஈரம் முழுதாகக் காயாத புதுக் கருப்பட்டியை இறுக்கமான டப்பாவில் போட்டால் வேர்த்துக் கசியும். அதனால்தான் ஓலைப்பெட்டியில் போட்டு, அடுப்புப் புகையும் சூடும் படும்படி பரணில் ஏற்றிவைத்தார்கள்.

குருத்தோலையை வெயிலில் காயவைத்தால் வெளுக்கும். ஈர்க்கை உரித்துவிட்டு, ஒரே அகலமாகக் கீற வேண்டும். காய்ந்த ஓலையை அப்படியே மடக்கினால் ஒடியும்; ஈரத்துணியில் சுற்றிவைத்துப் பதமானதும் முடைவோம். அடி, பக்கம் எல்லாம் பழகிய கைக்கு விளையாட்டு. மூடிதான் சோதனை. அது பெட்டியைவிடக் கொஞ்சமே பெரிதாக இருக்க வேண்டும். அந்தக் 'கொஞ்சம்' கூடினால் தொளதொளக்கும், குறைந்தால் திறக்கும்போது பெட்டியும் சேர்ந்து எழும்பும். ஈரத்தில் முடைந்தது காய்ந்தால் சுருங்குமே! அதனால் பெட்டி நன்றாகக் காய்ந்த பிறகுதான் மூடிக்கு அளவு எடுக்கிறோம்.

வாங்கியவர்கள் செய்யும் ஒரே தப்பு, கழுவுவது. துணியால் துடைத்து வெயில் காட்டுங்கள், போதும்.

அந்தக் கடைக்காரர் இப்போதும் எங்களிடம் வாங்குகிறார், அன்றன்றைக்கே விற்றுத் தீரும் கருப்பட்டி மிட்டாய்க்கு மட்டும். முறுக்கு பழையபடி தகர டின்னுக்குப் போய்விட்டது.