முதல் மண்ணை அள்ளும் முன்பே மூடுவதைப் பேசுவோம்

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். சுரங்கத்தை எப்படி மூடுவது என்ற பேச்சைத் தோண்டி முடித்த பிறகு எடுத்தால் பாதி தோற்றுவிட்டோம் என்றுதான் அர்த்தம். அப்போது கனிமமும் இருக்காது, வருமானமும் இருக்காது, சில இடங்களில் கம்பெனியே இருக்காது.

கனடாவில் யெல்லோநைஃப் நகரை ஒட்டி ஜயன்ட் என்றொரு தங்கச் சுரங்கம், 1948 முதல் 2004 வரை ஓடியது. தாதுவை வறுத்தபோது வந்த ஆர்சனிக் தூள் 2,37,000 டன், தண்ணீரில் கரையக்கூடிய விஷம், நிலத்தடி அறைகளில் கிடக்கிறது. நடத்திய நிறுவனம் 1999-இல் திவாலானது, சுமை அரசாங்கத்தின் தலையில் விழுந்தது. அந்தத் தூள் கசியாதபடி சுற்றியுள்ள பாறையையே உறைய வைக்கிறார்கள். மொத்தச் செலவு 400 கோடி கனடா டாலரைத் தாண்டும் என்கிறது மதிப்பீடு.

சரி, எங்கே தொடங்குவது? மேல்மண்ணில். அந்த ஒரு சாண் மண்ணைக் கையில் அள்ளிப் பாருங்கள், வேர் நுனியும் ஈர வாசனையுமாக இருக்கும், விதை, பூஞ்சை, புழு எல்லாம் அதற்குள்தான் உயிரோடு இருக்கின்றன. அதைத் தனியாக வழித்தெடுத்து, தோண்டி முடிந்த இன்னொரு பகுதியில் சூட்டோடு சூடாகப் பரப்பினால் பழைய செடிகள் தாமாகவே தலைகாட்டும். மலைபோல் குவித்து வருடக்கணக்கில் போட்டு வைத்தால் அடியில் காற்றில்லாமல் செத்துப்போகும், அப்புறம் எத்தனை கன்று நட்டாலும் பிழைப்பது கஷ்டம். கன்று நட்ட அன்றைய படம் எனக்குப் போதாது, மூன்று கோடை கழித்து எடுத்த படம் வேண்டும்.

அடுத்து தண்ணீர். பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) உள்ள கழிவுப்பாறையில் காற்றும் மழையும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும், அது செம்பையும் துத்தநாகத்தையும் கரைத்துக்கொண்டு ஓடும். அமெரிக்காவில் பியூட் நகரின் பெர்க்லி என்ற செம்புச் சுரங்கக் குழியில் 1982-இல் தண்ணீரை இறைக்கும் பம்புகளை நிறுத்தினார்கள், அமில நீர் ஏறிக்கொண்டே வந்தது, 1995-இல் அதில் வந்திறங்கிய பனி வாத்துகள் 300-க்கும் மேல் செத்தன. பைரைட் உள்ள பாறையைத் தொடக்கத்திலேயே அடையாளம் கண்டு, தனியே ஒதுக்கி, களிமண்ணால் மூட வேண்டும்.

இதற்கெல்லாம் பணத்தை அனுமதி தரும்போதே கட்ட வைக்க வேண்டும், மூடிய அளவுக்கு மட்டும் திருப்பித் தர வேண்டும். அதனால், புதிய சுரங்கத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் எழுந்து நின்று கேளுங்கள்: மேல்மண்ணை எங்கே வைப்பீர்கள், முதல் ஐந்து வருடத்தில் எத்தனை ஏக்கரை மூடித் தருவீர்கள், நீங்கள் திவாலானால் யார் பணத்தில் மூடுவது?