வண்ணம் தொடுவதற்கு முன்

நண்பர்களே, வணக்கம்.

முதல் சுவருக்காகக் காத்திருக்கும் இளம் ஓவியர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். மூன்று மாடிக் கட்டடத்தின் பக்கச் சுவரைக் காட்டி, "இது உங்களுக்கு" என்று யாராவது சொன்னால் கை பரபரக்கும். அந்தப் பரபரப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் நீங்கள் வரையும் படம் அந்தத் தெருவில் நிலைக்குமா என்பது, முதல் டப்பாவைத் திறப்பதற்கு முன் நீங்கள் பார்த்த வேலையைப் பொறுத்தது. இன்று அதை மட்டும் பேசுகிறேன்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்கிறோம். சரி, அந்தச் சுவர் எப்படி இருக்கிறது? உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். மாவு மாதிரி ஒட்டினால் பழைய பூச்சு உயிரை விட்டுவிட்டது. சுரண்டி எடுக்காமல் மேலே எதை அடித்தாலும் அதோடு சேர்ந்து உரிந்து விழும். விரல் முட்டியால் தட்டுங்கள். வெற்றொலி கேட்டால் உள்ளே காரை கழன்றிருக்கிறது. அடிப்பகுதியில் உப்பு பூத்திருந்தால் ஈரம் ஏறுகிறது என்று பொருள். ஓதத்தை நிறுத்தாமல், பட்டி பார்த்து பிரைமர் அடித்து மறைப்பது வீண் செலவு. புதுப் பூச்சு என்றால் ஒரு மாதமாவது காய விடுங்கள், சிமென்ட்டின் காரம் வண்ணத்தைத் தின்றுவிடும். அப்புறம் வெயில். மலிவான சிவப்பும் மஞ்சளும்தான் பெரும்பாலும் முதலில் வெளிறும். ஆசையாகத் தீட்டிய முகம் சில வருடங்களில் நீலம் பாரித்து நிற்கும்.

சின்னத் தாளில் இருப்பதைப் பெரிய சுவருக்குக் கொண்டுபோவது அடுத்த பாடு. இரவில் புரொஜெக்டர் வைத்துக் கோடு எடுக்கலாம், ஆனால் குறுகிய சந்தில் அதை வைக்கப் பின்னால் இடம் இருக்காது. இன்று பலர் செய்வது, சுவர் முழுக்க எழுத்துகளையும் சுழிகளையும் கண்டபடி கிறுக்கி விடுவது. அந்தக் கிறுக்கலைப் போட்டோ எடுத்து, கைபேசியில் அதன்மேல் ஓவியத்தை மெலிதாகப் படியவிடுவார்கள். சாரத்தில் ஏறி நிற்பவருக்குத் தெரிவது ஒரு கை நீளச் சுவர் மட்டும்தான். மூக்குக்கு எதிரே ஒரு 'க' இருக்கிறது, அதன் வால் முடிகிற இடத்தில்தான் பாட்டியின் கண்ணோரச் சுருக்கம் தொடங்க வேண்டும். இதைப் பார்த்துப் பார்த்துக் கோடு இழுப்பார். கீழே வந்து சாலையைக் கடந்து நின்று பார்த்தால் முகம் கூடியிருக்கும். பார்க்க ஆச்சரியமான வேலை அது.

இதெல்லாம் கைவேலை, பழகினால் வந்துவிடும். தெருவைப் பழகுவதற்குத்தான் பொறுமை வேண்டும்.

லாஸ் ஏஞ்சல்ஸில் ஜூடித் பாக்கா என்ற ஓவியர் 1976-இல் ஒரு வெள்ள வடிகாலின் கான்கிரீட் கரையில் வேலையைத் தொடங்கினார். அவரோடு நின்றவர்கள் அக்கம்பக்கத்து இளைஞர்கள். அவர்களில் பலர் காவல்துறை, நீதிமன்றம் என்று அலைந்தவர்கள். ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாத வெவ்வேறு இனத்துப் பிள்ளைகள் ஒரே கரையில் நின்று, தங்கள் முன்னோரின் கதைகளை வரைந்தார்கள். சில கோடைகளில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து 1983-இல் அது ஏறக்குறைய அரை மைல் நீளத்தை எட்டியது. வேலை பார்த்த இளைஞர்கள் 400-க்கும் மேல். வரைவதற்கு முன் பெரியவர்களைத் தேடிப் போய்க் கதை கேட்டார்கள், வரலாற்று ஆய்வாளர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். எனக்கு அந்தச் சுவரின் நீளத்தைவிட இந்தக் கேட்கும் வேலைதான் பெரிதாகப் படுகிறது.

நீங்களும் கேளுங்கள். ஆனால் "என்ன வரையட்டும்?" என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். பூவும் மயிலும் என்பார்கள், இல்லையென்றால் "உங்க இஷ்டம்" என்பார்கள். இந்தச் சுவருக்கு முன்னால் முன்பு என்ன இருந்தது, மாலையில் இங்கே யார் உட்காருவார்கள், ராத்திரி எந்த இடத்தில் நடக்கப் பயமாக இருக்கிறது என்று கேளுங்கள். படம் அங்கிருந்துதான் வரும். வரைந்த மாதிரியை அந்தச் சுவரிலேயே ஒட்டி வையுங்கள். எதிர்வீட்டு அம்மா தினமும் ஜன்னலைத் திறந்ததும் பார்க்கப்போவது அதைத்தான். அவர் வேண்டாம் என்றால் உட்கார்ந்து பேசுங்கள். சொன்னதையெல்லாம் அப்படியே வரையச் சொல்லவில்லை. கடைசிக் கோடு உங்களுடையதுதான். ஆனால் அவருடைய மறுப்பைத் தெரிந்துகொண்டு இழுக்கிற கோடு வேறு மாதிரி இருக்கும்.

சாரத்தில் ஏற முடியாதவர்களையும் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. பிலடெல்பியாவில் 1984-இல், சுவரில் கிறுக்கும் இளைஞர்களைத் தூரிகைப் பக்கம் திருப்பும் நகராட்சித் திட்டமாகத் தொடங்கியது, இன்று பெரிய சுவரோவிய இயக்கம். மெல்லிய நெய்யாத் துணியைச் சதுரங்களாக வெட்டி, எந்தச் சதுரத்தில் எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று குறித்து, பள்ளிக்கூடத்திலும் முதியோர் கூடத்திலும் மேசைமேல் வைத்துத் தீட்ட வைக்கிறார்கள். பிறகு அக்ரிலிக் பசையால் சுவரில் ஒட்டுகிறார்கள்.

இன்னொன்று, எழுத்து உடன்பாடு. நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் என்ற பழைய தொழிற்சாலைச் சுவர்களில் உரிமையாளரின் அனுமதியோடு பல வருடங்கள் வரைந்தார்கள். 2013 நவம்பரில் அந்த உரிமையாளரே ஒரே இரவில் எல்லாவற்றையும் வெள்ளையடித்து மறைத்துவிட்டார். ஓவியர்கள் வழக்குப் போட்டார்கள். 2018-இல் 21 ஓவியர்களுக்கு 67.5 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். நம் நாட்டிலும், படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையைப் படைப்பாளிக்குத் தரும் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு இருக்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் வெண்கலச் சுவர்ச் சிற்பம் பெயர்த்து எடுக்கப்பட்டதை எதிர்த்து வழக்காடிய சிற்பி அமர்நாத் சேகலுக்கு, 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் திருப்பித் தரச் சொல்லி 5 லட்சம் ரூபாயும் கொடுக்கச் சொன்னது. ஆனால் வழக்கு இழுத்துக்கொண்டே போகும், முதல் சுவர் வரைகிறவருக்கு அந்தத் தெம்பு இருக்காது. ஆகவே எத்தனை வருடம் படம் இருக்கும், அழிப்பதானால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், விளம்பரத்தில் பயன்படுத்தினால் யாருக்குப் பணம், வெளிறிய இடத்தைச் சரிசெய்வது யார் செலவு என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

இனி பேசப்போவது ஏற்பாட்டாளர்களிடம். இளைஞர்களுக்கு வாய்ப்புக் கொடுக்கிறோம் என்று சொல்லி, பெயின்ட்டுக்கும் சாரத்துக்கும் மட்டும் காசு ஒதுக்குவது நியாயமில்லை. பெயர் கிடைக்கும் என்பது கூலி ஆகாது. உயரத்தில் ஏறுபவருக்கு இடுப்புக் கச்சையும், ஸ்பிரே அடிப்பவருக்கு நச்சுப் புகை தடுக்கும் முகமூடியும், விபத்துக் காப்பீடும் உங்கள் பொறுப்பு. சுவரைத் தடவிப் பார்த்த நாள், வீடு வீடாகப் போய்ப் பேசிய நாள், மறுப்பைக் கேட்டு மாதிரியைத் திருத்திய நாள் எல்லாமே வேலை நாள்கள்தான். தூரிகை பிடித்த நாளுக்கு என்ன கூலியோ, அதே கூலியை அந்த நாள்களுக்கும் கணக்கில் எழுதுங்கள்.