முன்னால் நிற்கும் லாரி

நேயர்களுக்கு வணக்கம்.

புதுக் கார் வாங்கி என்னிடம் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பழக வருகிறவர்கள், முதல் நாளே ஸ்டீயரிங்கில் ஒரு பட்டனைக் காட்டி விளக்கம் கேட்கிறார்கள். அதுதான் அடாப்டிவ் க்ரூஸ் கண்ட்ரோல். வேகத்தை 100 என்று செட் செய்தால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடலாம். முன்னால் போகிற வண்டி மெதுவானால் நம் காரும் மெதுவாகும். அது விலகிப் போனால் மறுபடி 100-ஐப் பிடிக்கும். 2021-இல் மஹிந்திரா எக்ஸ்யூவி 700 வந்த பிறகு நம் சாலைகளில் இது பரவலாகிவிட்டது. நல்ல வசதிதான், சென்னையிலிருந்து திருச்சி வரை ஓட்டுகிறவருக்குக் கால் வலி குறையும்.

எனக்குப் பயமெல்லாம் நிற்கிற வண்டியைப் பற்றித்தான். விழுப்புரம் தாண்டி இரவு நேரத்தில், பின்விளக்குகூட இல்லாமல் ஓரமாக, பாதி ரோட்டில் ஏறி நிற்கும் லாரிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ‘முன்னால் இருப்பதை அலை அனுப்பிக் கண்டுபிடிக்கிற ரேடார்தான் காரில் இருக்கிறதே, பிடித்துவிடாதா?’ என்று கேட்பார்கள். ரேடாருக்கு லாரி தெரியும். கூடவே பெயர்ப்பலகை, பாலம், மீடியன் கம்பி எல்லாமும் தெரியும். நாம் போகும்போது இவை அத்தனையும் நம் வேகத்திலேயே நம்மை நோக்கி வருவதாகத்தான் அதற்குப் படும். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் வண்டி ஓட்டவே முடியாது. அதனால் அசையாமல் நிற்பவற்றைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும்படி அமைத்திருக்கிறார்கள். முன் கண்ணாடியில் கேமரா துணைக்கு இருந்தாலும், அதிக வேகத்தில் அது முடிவெடுக்கத் தாமதமாகலாம். காரோடு கொடுக்கும் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. யாரும் படிப்பதில்லை.

முன்னால் போகும் கார் கடைசி நொடியில் ஒதுங்கி, அதற்கு முன்னே லாரி நின்றால் இன்னும் மோசம். பின்தொடர்ந்த வண்டி விலகிவிட்டது, வழி காலி என்று நம் கார் வேகம் எடுக்கக்கூடும்.

பிரேக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்த வசதிக்கான சர்வதேசத் தரவிதி, நெடுஞ்சாலை வேகத்தில் இது தானாகப் போடும் பிரேக்குக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பில் பிடித்தால், 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நிற்கச் சுமார் 110 மீட்டர் வேண்டும். உங்கள் கால் முழுதாக அழுத்தினால் காய்ந்த ரோட்டில் ஏறக்குறைய 50 மீட்டரில் நிற்கும். மோதப்போகிற நேரத்தில் கார் தானே போடும் அவசர பிரேக் என்று தனியாக ஒன்று இருந்தாலும், அதை நம்பிக் காலை மடக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். வலது கால் பிரேக் பெடல் பக்கமே இருக்கட்டும்.

கரும்பு ஏற்றிய டிராக்டர், நீளக் கம்பி ஏற்றிய லாரி பின்னால் போகும்போது இடைவெளியை அதிகமாக வையுங்கள். கார் அளப்பது வண்டியின் உடம்பு வரைக்கும்தான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி அதன் கணக்கில் வராமல் போகலாம். எதிர்த்திசையில் வரும் பைக்குக்கும் இது பிரேக் போடாது.

மீட்டரில் ஒரு சின்ன கார் படம் வரும். முன்னால் ஒரு வண்டியைப் பிடித்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம். உங்கள் கண்ணுக்கு வண்டி தெரிந்தும் அந்தப் படம் வரவில்லையா? காத்திருக்க வேண்டாம், பிரேக்கை மிதியுங்கள். நான் சொல்லிக்கொடுப்பதில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

தாம்பரம், பெருங்களத்தூர் நெரிசலில் இதைப் போடவே வேண்டாம். பைக் குறுக்கே நுழையும் ஒவ்வொரு முறையும் கார் வெடுக்கென்று குறைக்கும், பின்னால் வருபவர் திணறுவார். திண்டிவனம் தாண்டி ரோடு விட்ட பிறகு போடுங்கள். டோல்கேட், போலீஸ் பேரிகார்டு, சர்வீஸ் ரோடு இறக்கம், கனமழை இவை வந்தால் முன்கூட்டியே கேன்சல் செய்துவிடுங்கள். குறிப்பாக, 60-இல் லாரிக்குப் பின்னால் வந்து சர்வீஸ் ரோட்டில் இறங்கும்போது, லாரி மறைந்ததும் கார் பழைய 100-க்குப் பாயும். பழக்கமில்லாதவர்கள் இதில் பதறிப் போகிறார்கள்.

கடைசியாக ஒரு வேலை. பம்பருக்கு முன்னால் கம்பி கார்டு மாட்டி ரேடாரை மறைக்காதீர்கள். முன் கண்ணாடியை மாற்றினால், கேமராவுக்குக் கேலிபரேஷன், அதாவது அதன் பார்வையைச் சரியாகப் பொருத்தும் வேலை, செய்தார்களா என்று கேட்டு, பில்லில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள். நன்றி, வணக்கம்.