விழ அஞ்சாதவன் விடும் குத்து

நண்பர்களே, குத்துச்சண்டைக் களத்தில் அடி வாங்கித் தடுமாறுகிறவர் என்ன செய்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? எதிராளியைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறார். பிடிக்கவே கூடாத விளையாட்டிலும் உடம்பு தேடுவது பிடியைத்தான். அங்கே நடுவர் பிரித்துவிடுவார். வெளியே ஒருவன் உங்கள் சட்டையைக் கொத்தாகப் பிடித்தால் பிரித்துவிட யார் வருவார்?

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் குத்தும் உதையும் பழகுகிறவர்கள். மல்யுத்தமும், எதிராளியைப் பிடித்து எறியும் ஜூடோவும் உங்களுக்கு எதற்கு என்பதுதான் இன்றைய பேச்சு.

1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில், பலவகைச் சண்டைக் கலைஞர்கள் ஒருவரோடொருவர் மோதிய முதல் யுஎஃப்சி போட்டியை எல்லோரும் சொல்வார்கள். தரையில் பிடித்து மடக்கும் ஜியு-ஜிட்சு கலையைப் பழகிய, ஒல்லியான ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை வென்றார். முதலில் வந்த குத்துச்சண்டை வீரர் ஆர்ட் ஜிம்மர்சன் ஒரு கையில் மட்டும் உறை மாட்டியிருந்தார். தரையில் சாய்ந்த பிறகு அந்த உறைக்கு வேலையே இல்லை.

பலரும் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்தையது. 1997 ஜூலையில் மாரிஸ் ஸ்மித் என்ற கிக்பாக்சிங் வீரர், மல்யுத்தத்திலிருந்து வந்த மார்க் கோல்மனை வென்றார். கீழே கிடந்தபோது பதறாமல் காத்துக்கொள்ளக் கற்றிருந்தார். கோல்மன் களைத்த பிறகு எழுந்து உதைத்தார். பின்னால் யுஎஃப்சிக்கு வந்த சக் லிடல் என்ற வீரரோ தன் மல்யுத்தத்தைத் தலைகீழாகவே பயன்படுத்தினார். பிறரை வீழ்த்த அல்ல, தான் விழாமலிருக்க. நின்றபடியே குத்தி வீழ்த்துவதற்காகத்தான் அவர் பெயர் நிலைத்தது.

காரணம் எளிது. காலைப் பிடித்துவிடுவானோ என்று பயப்படுகிறவன் அரை உதைதான் உதைப்பான். பாய்ந்து வருபவனைக் கண்டதும் இரு கால்களையும் பின்னால் எறிந்து, இடுப்பை அவன் தோள்மேல் அழுத்தத் தெரிந்தவனுக்கு அந்தப் பயம் இல்லை. நெருங்கிவிட்டாலும் அக்குளுக்கடியில் கையை நுழைத்துத் திருப்பி, தனக்கு வேண்டிய தூரத்தை மீட்டுக்கொள்வான். குத்தின் பலம் தோளில் மட்டும் இல்லை, ஐயா. விழுந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை தெரிந்திருப்பதிலும் இருக்கிறது.

இன்னொன்று பயிற்சி முறை. 1882-இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, ஆபத்தான உத்திகளை விலக்கி, முழு மூச்சோடு எதிர்க்கும் ஆளோடு தினமும் மோதிப் பார்க்க வழி செய்தார். முழு வேகக் குத்தை அப்படித் தினமும் பழக முடியுமா? தலை தாங்காது.

தற்காப்புக்கு வருவோம். தரையில் உருண்டு கழுத்தை நெரிப்பதல்ல நான் சொல்வது. எதிரே இரண்டு பேர் இருந்தால், ஒருவன் கையில் கத்தி இருந்தால், தரை உங்களுக்கு எமன். முதலில் விழக் கற்றுக்கொள்ளுங்கள்: தாடையை மார்போடு ஒட்டி, கையால் தரையை அறைந்து. தெருச் சண்டையில் குத்தைவிடத் தரையில் மோதும் மண்டைதான் பல உயிர்களைக் குடித்திருக்கிறது. அடுத்து எழுவது: ஒரு கையைப் பின்னால் ஊன்றி, மறு கையால் முகத்தைக் காத்து, இடுப்பைத் தூக்கி, காலைப் பின்னால் இழுத்து நில்லுங்கள். நின்றதும் சண்டையைத் தொடர வேண்டாம், ஓடுங்கள்.

பாய் விரித்திருக்கிறது. வாருங்கள், விழுந்து பார்ப்போம்.